இரண்டரை மணி நேரம் பின்னால்

சீரகாபாடியில் என் கடைக்கு
ஜெராக்ஸ், லேமினேஷன், ரீசார்ஜ் என்று மூன்று வேலை.
அந்த ராத்திரி நாலாவதாக ஒன்று.

பார்மசி படிக்கிற ஒச்சியெங்.
நர்சிங் இரண்டாம் வருஷம் ஞாம்புரா.
கென்யாவில், நகுருவில், ஒரே சாலையின்
இரண்டு பக்கம் இருவருக்கும் வீடு.
இடது பக்கம் ஒரு சின்னம், வலது பக்கம் இன்னொன்று.
ஓட்டுப் போட்டு நாலு நாளாகியும் முடிவு வரவில்லை.
விடுதியில் வைஃபை பதினொன்றுக்கு நின்றுவிடும்.
"ஷட்டரைப் பாதி இறக்குங்கண்ணா, போதும்" என்றாள்
எங்கள் ஊர்த் தமிழில்.

இறக்கினேன்.
கோவை போகிற லாரி ஒவ்வொன்றும்
கண்ணாடிப் பெட்டிக்குள் பேனாக்களை ஆட்டிவிட்டுப் போனது.
எனக்கு மணி ஒன்றேகால்.
அங்கே பத்தே முக்கால்தான்,
ஆட்கள் இன்னும் தெருவில் நிற்கிற நேரம்.

ஒச்சியெங்கின் போனில் ஒரு படம்:
பாலத்தடியில் தார்ப்பாய் போட்ட லாரி.
"வெட்டுக்கத்தி இறக்குறாங்களாம், அந்தப் பக்கத்து ஆளுங்க."
சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.
அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள்.
அதே லாரி, அதே தார்ப்பாய்.
அதில் மட்டும் கத்தி
அவன் பக்கத்து ஆட்களுடையது.

பழைய வினாத்தாளின் முதுகில் எழுதி
என் கல்லாவின் மேல் ஒட்டியிருந்தார்கள் ஓர் ஒப்பந்தம்:
*மற்றவர் விசாரிக்கும்வரை எதையும் அனுப்புவதில்லை.*

பாலத்தருகே காய்கறி விற்கும் சித்திக்கு அவள் கூப்பிட்டாள்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
பைக் டாக்சி ஓட்டும் நண்பனுக்கு அவன்.
ஸ்விட்ச் ஆஃப்.

அந்த மணி அடித்துக்கொண்டிருக்கையில்
என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
உள்ளாட்சித் தேர்தல், எண்ணிக்கை ராத்திரி.
'பெட்டிய மாத்திட்டாங்க' என்று ஒரு குரல் வந்தது,
யாருடையது என்று இன்றுவரை தெரியாது.
இருபத்தெட்டு பேருக்கு அனுப்பினேன்.
கட்டைவிரல் வலிக்கக்கூட இல்லை.
ஏரிக்கரையில் கல் பறந்தது.
எந்தக் கட்சியிலும் இல்லாத டீக்கடை சடையப்பனுக்கு
இடது கண் போயிற்று.
இன்றும் ஆதார் நகல் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்.
இரண்டு ரூபாய். வாங்கிக்கொள்கிறேன்.
நான் கல் எறியவில்லை என்பது உண்மைதான்.
அந்த உண்மையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒன்றரைக்குச் சித்தி எடுத்தார்.
முட்டைகோஸ்.
அச்சு முறிந்த லாரி,
டிரைவர் அடியில் படுத்துத் தூங்குகிறான்.
ஞாம்புரா நம்பவில்லை, படம் கேட்டாள்.
அந்த இருட்டில் அந்த அம்மாள் நடந்துபோய்
தார்ப்பாயைத் தூக்கி எடுத்த படத்தில்
நாலு கோசும் தன் கட்டைவிரலும் விழுந்திருந்தன.

அப்புறம் அவர்கள் செய்ததுதான்
எனக்குத் தோன்றியிருக்காது.
போனை மாற்றிக்கொண்டார்கள்.
அவள் குழுவில் அவன் பேசினான்,
அவன் குழுவில் அவள்.
*உவோங்கோ* என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப.
பொய் என்று அர்த்தமாம்.
வசவு வந்தது. அவளை யாரோ என்னவோ சொன்னார்கள்,
அவன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

மூன்று மணிக்கு எரியும் டயர் ஒன்று வந்தது.
அதை விசாரித்தார்கள்.
அது பொய்யில்லை.
அந்தச் சந்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று
பெயர் பெயராகச் சொல்லி, ஒவ்வொருவருக்காய்க் கூப்பிட்டு
இருபக்கமும் திறந்திருக்கிற
ஒரு தேவாலயத்துக்குப் போகச் சொன்னார்கள்.
பதினோரு பேர் போனதாகத் தெரிந்தது.
ஒருவர் எடுக்கவில்லை.

கஞ்சமலை மேல் வெளுத்தபோது
ஒச்சியெங் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான்.
நேற்று வாங்கிய தட்டுவடை செட்
பிரிக்காமல் கிடந்தது.
அவள் அந்த ஒரே எண்ணை
மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஷட்டரை முழுசாய் ஏற்றினேன்.
வெளியே சடையப்பன், கையில் ரேஷன் கார்டு.
கண்ணாடியில் அதைக் கவிழ்த்து வைத்து
"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.
லாரி ஒன்று போனது, பேனாக்கள் ஆடின.
தலையை வலப்பக்கக் கண்ணுக்குத் திருப்பி
அவர் காத்திருந்தார்.